காயத்தை மூடும் ஜெல்: முதலாண்டு மாணவர் கண்ட வழி

மாணவர்களே, உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களா? அப்படியானால் இன்று மாலை அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். “பால் மரத்தைச் சீவியதும் பால் வடிகிறதே, அது சில மணி நேரத்தில் ஏன் தானாக நின்றுவிடுகிறது?”

என் பாட்டியிடம் நான் இதைக் கேட்டபோது அவர் சிரித்தார். “நம்ம கையில வெட்டுப்பட்டா ரத்தம் உறையுதில்ல, அதுமாதிரிதான். மரமும் தன் காயத்த அடைச்சுக்கும்,” என்றார். மறுநாள் காலையில் வெட்டுக்கோட்டில் நாடா போல ஒட்டியிருக்கும் உறைந்த பாலை உரித்துவிட்டுத்தான் மீண்டும் சீவ வேண்டுமாம். அந்தக் கோட்டுப்பாலைத் தனிப் பையில் சேர்த்துக்கொண்டு போவார்களாம்.

பாட்டி பள்ளியில் அறிவியல் படித்தவர் அல்லர். ஆனால் அவர் சொன்ன ஒப்பீடு மிகச் சரியானது. மரத்தின் பாலும் நம் இரத்தமும் ஒரே வகையான தந்திரத்தைச் செய்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் திரவம், தேவைப்பட்ட இடத்தில் வலையாக மாறி, மென்மையான அடைப்பாகி நிற்கிறது. இந்தத் தந்திரத்தை ஊசிக்குழாய்க்குள் அடைத்து வைக்க முடியுமா? அமெரிக்காவில் பொறியியல் படிப்பின் முதலாண்டில் இருந்த ஒரு மாணவர் இப்படித்தான் யோசித்தார். அந்த மாணவரைப் பற்றியும், அவர் கையிலெடுத்த ‘மென்மையான பொருள்கள்’ என்ற அறிவியலைப் பற்றியும் இந்த வாரம் பார்ப்போம்.

திண்மமும் இல்லை, திரவமும் இல்லை

பொருள்களைத் திண்மம், திரவம், வாயு என்று மூன்றாகப் பிரித்து ஆரம்பப்பள்ளியில் படித்தோம். இப்போது உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பற்பசை எந்த வகை? குழாயை அழுத்தினால் ஓடுகிறது. தூரிகையின் மேல் வைத்தால் ஓடாமல் நிற்கிறது. அகார்-அகார்? அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆனாலும் தட்டில் கவிழ்த்தால் அச்சின் வடிவத்திலேயே நிற்கிறது. கண்ணில் போடும் மென்மையான காண்டாக்ட் லென்ஸ், தலைக்குத் தடவும் ஜெல், குழந்தையின் டயப்பருக்குள் இருக்கும் உறிஞ்சி, ரப்பர் கையுறை, உங்கள் தோல், தசை, மூளை எல்லாமே இந்த நடுக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

இவற்றைத்தான் மென்மையான பொருள்கள் என்கிறோம். கணினியில் ஓடும் மென்பொருளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்! இவற்றுள் உடலுக்குள்ளோ உடலின் மேலோ மருத்துவத்திற்காகப் பயன்படுத்தத் தக்கவற்றை உயிரிப்பொருள்கள் என்பார்கள்.

மென்மையான பொருள்களின் தனிக்குணம் ஒன்று உண்டு. அவற்றில் மிகச் சிறிய மாற்றம் செய்தாலே மிகப் பெரிய விளைவு ஏற்படும். 1991ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு அறிஞர் பியர்-ஜில் டி ஜென், தம் நோபல் உரையில் இதற்குச் சொன்ன எடுத்துக்காட்டு என்ன தெரியுமா? ரப்பர் பால்தான்!

அமேசான் காட்டுப் பழங்குடியினர் ரப்பர் பாலைக் காலில் பூசிக்கொள்வார்கள். சிறிது நேரத்தில் அது காலணியாகிவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை ஆங்காங்கே ஒன்றோடொன்று கட்டிப்போடுவதால் அப்படி ஆகிறது. இதில் வினைபுரிவது ஏறத்தாழ 200 கார்பன் அணுக்களில் ஒன்று மட்டுமே என்று அவர் சுட்டிக்காட்டினார். மீதி 199 அணுக்களுக்கு எதுவும் ஆகவில்லை. ஆனாலும் திரவமாக ஓடியது இப்போது காலோடு நிற்கிறது.

இப்படி ஒரு சங்கிலியை இன்னொரு சங்கிலியோடு கட்டிப்போடும் முடிச்சுக்குக் குறுக்குப் பிணைப்பு என்று பெயர். 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிக் கண்ட வல்கனைசேஷன் முறையும் இந்த முடிச்சுப் போடும் வேலைதான். ஆக்சிஜனுக்குப் பதில் அங்கே கந்தகம். நீங்கள் வரும் பேருந்தின் டயர் அதனால்தான் வெயிலில் உருகி ஒட்டுவதில்லை.

இந்த முடிச்சு என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கட்டுரை முழுக்க அதைச் சுற்றித்தான்.

நம் இரத்தத்தில் ஒரு வலை

விரலில் வெட்டுப்பட்டால் என்ன நடக்கிறது? முதலில் இரத்தத் தட்டணுக்கள் ஓடிவந்து காயத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பல வினைகள் நடந்து, திராம்பின் என்ற நொதி உருவாகிறது. இரத்தத்தில் கரைந்தே இருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தின் சிறு துண்டுகளைத் திராம்பின் வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட புரதம் ஃபைப்ரின் என்ற இழையாகி ஒன்றோடொன்று கோத்துக்கொள்கிறது. பிறகு இன்னொரு நொதி வந்து, அந்த இழைகளுக்கு இடையே உறுதியான முடிச்சுகளைப் போடுகிறது. வலை தயார். சிவப்பணுக்கள் அதில் மாட்டிக்கொள்ள, ஓட்டை அடைபடுகிறது.

அதாவது, உறைந்த இரத்தமும் ஒரு ஜெல்தான். பாட்டி சொன்னதில் தவறே இல்லை.

ஆனால் இந்த வலை பின்னுவதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். சிறு காயத்திற்கு அந்த நேரம் போதும். தமனி அறுந்துவிட்டால் போதாது. வலை பின்னப் பின்ன இரத்தத்தின் வேகம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. அதில் 40 விழுக்காட்டுக்கு மேல், அதாவது சுமார் 2 லிட்டருக்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. சாலை விபத்திலோ போர்க்களத்திலோ கடுமையான காயம்பட்டவர் மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் சில நிமிடங்களிலேயே இறந்துவிடக்கூடும்.

இப்படிப்பட்ட காயத்திற்கு வழக்கமான சிகிச்சை, துணியைத் திணித்து அழுத்திப் பிடிப்பது. மருந்து கலந்த விசேஷத் துணிகளும் உண்டு. இருந்தாலும் ஒருவர் கையை எடுக்காமல் சில நிமிடங்கள் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். காயம் ஆழமாகவும் கோணல்மாணலாகவும் இருந்தால் துணி எல்லா மூலைக்கும் போய்ச் சேராது.

17 வயதில் ஒரு யோசனை

2010ஆம் ஆண்டு. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள பொறியியல் கல்லூரியில் ஜோ லேண்டோலினா என்ற மாணவர் முதலாண்டில் சேர்ந்திருந்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டாண்டன் பொறியியல் பள்ளி என்று இன்று அழைக்கப்படும் கல்லூரி அது. அப்போது அவருக்கு வயது 17. உங்களில் படிவம் 5 படிப்பவர்களின் வயதுதான்.

காயத்தின் வடிவத்திற்குத் துணி வளைந்து கொடுக்கவில்லை என்றால், தானே அந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளும் ஒரு பொருளைச் செய்யலாமே என்பது அவருடைய யோசனை. ஊசிக்குழாயிலிருந்து பற்பசை போல வெளிவர வேண்டும். காயத்தின் எல்லா மூலைக்கும் புக வேண்டும். புகுந்ததும் ஒட்டிப் பிடித்து நிற்க வேண்டும். உடல் தன் சொந்த வலையைப் பின்னி முடிக்கும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

இதற்கு அவர் நாடியது தாவரத்தையும் பாசியையும் போன்ற இயற்கை மூலங்களிலிருந்து கிடைக்கும் பாலிமர்களை. நண்பர் ஐசக் மில்லருடன் சேர்ந்து நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார். இன்று அதன் பெயர் கிரெசிலான். அவர்களுடைய ஜெல்லில் இரண்டு முக்கியப் பாலிமர்கள் இருக்கின்றன.

முதலாவது ஆல்ஜினேட். பழுப்புநிறக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. 1881ஆம் ஆண்டிலேயே எட்வர்ட் ஸ்டான்ஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் இதைப் பற்றி எழுதிவிட்டார். இதன் சங்கிலி நெடுக எதிர்மின்னூட்டம் இருக்கிறது.

இரண்டாவது கைட்டோசான். இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் காளான்களின் செல்சுவரிலும் உள்ள கைட்டினிலிருந்து செய்யப்படுவது. இவர்கள் பயன்படுத்துவது காளான் வகையிலிருந்து எடுத்தது. இதன் சங்கிலியில் நேர்மின்னூட்டம் இருக்கிறது. சிவப்பணுக்களின் மேற்பரப்பிலோ எதிர்மின்னூட்டம். எனவே கைட்டோசான் அவற்றை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

எதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று நீங்கள் அறிவியல் பாடத்தில் படிக்கிறீர்கள் அல்லவா? உயிர் காக்கும் ஒரு பொருளின் அடிப்படையில் அந்த ஒரு வரியும் இருக்கிறது.

எங்கள் வகுப்பில் கெட்டியான ஆல்ஜினேட்

ஆல்ஜினேட்டை நீங்கள் ஏற்கெனவே சாப்பிட்டிருப்பீர்கள். பபிள் டீ கடையில், வாயில் போட்டதும் உடைந்து சாறு தெறிக்கும் சிறு உருண்டைகள் இருக்குமே, அவற்றின் மேல்தோல் ஆல்ஜினேட்தான்.

எங்கள் பள்ளி அறிவியல் கழகத்தில் ஒருமுறை அதைச் செய்து பார்த்தோம். ஆல்ஜினேட் மாவை ரோஸ் சிரப் கலந்த நீரில் கரைத்து, கால்சியம் லாக்டேட் கரைசலுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டால் போதும். ஒவ்வொரு சொட்டும் விழுந்த மறுகணமே உருண்டையாகிவிடும். காரணம், கால்சியம் அயனிக்கு இரண்டு நேர்மின்னூட்டங்கள் இருக்கின்றன. ஒரு கையால் ஒரு சங்கிலியையும் மறுகையால் இன்னொரு சங்கிலியையும் அது பிடித்துக்கொள்ளும். இரண்டு முட்டை அட்டைகளுக்கு இடையே முட்டைகள் அடங்கியிருப்பது போல, இரண்டு ஆல்ஜினேட் சங்கிலிகளுக்கு இடையே கால்சியம் அயனிகள் அடங்கியிருக்கும். அறிவியலாளர்களே இதை முட்டைப்பெட்டி அமைப்பு என்றுதான் சொல்கிறார்கள். உருண்டையின் மேற்பரப்பில் கால்சியம் போட்டது குறுக்குப் பிணைப்பு. நம்முடைய அதே முடிச்சு.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு குழு மட்டும் ரோஸ் சிரப் வேண்டாம் என்று கஸ்தூரி எலுமிச்சைச் சாறு ஊற்றியது. அவ்வளவுதான். கால்சியம் பக்கமே போகவில்லை, கிண்ணத்திலேயே எல்லாம் கட்டி கட்டியாகிவிட்டது. சொட்டு விடவே முடியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் சட்டென்று காரணம் தெரியவில்லை. “மாவு சரியாகக் கரையவில்லை போலிருக்கிறது, மறுபடியும் கலக்குங்கள்,” என்றேன். மறுபடியும் அதே கட்டி. அப்போது, அதிகம் பேசாத ஒரு மாணவி மெதுவாகக் கேட்டாள்: “டீச்சர், ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றினால் உறையுமே, அதுமாதிரியா?”

அதேதான்! ரப்பர் பாலில் மிதக்கும் துகள்களைச் சுற்றி எதிர்மின்னூட்டம் கொண்ட புரத உறை இருக்கிறது. அதனால் அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. பார்மிக் அமிலம் ஊற்றினால் அதிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்துவிடும். துகள்கள் மோதி, உறை உடைந்து, ரப்பர் சங்கிலிகள் பின்னிக்கொள்ளும். ஆல்ஜினேட் சங்கிலிகளும் எதிர்மின்னூட்டத்தால்தான் விலகி நிற்கின்றன. எலுமிச்சையின் அமிலம் அந்த மின்னூட்டத்தை நீக்கியதும் அவை நெருங்கி ஒட்டிக்கொண்டன.

மங்கில் கிடக்கும் கட்டிப்பாலும் கிண்ணத்தில் கெட்டியான ஆல்ஜினேட்டும் ஒரே கதை. அன்று பாடம் நடத்தியது நான் அல்ல. கெட்டுப்போன கிண்ணமும் அந்த மாணவியும்தான்.

இளங்கலை ஆய்வு என்றால் என்ன?

பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் மாணவர் ஆய்வுக்கூடத்தில் செய்வதும் ஏறக்குறைய இதையேதான், இன்னும் கட்டுப்பாடாகவும் பொறுமையாகவும். மென்மையான உயிரிப்பொருள்களைப் பற்றி ஆராயும் ஓர் இளங்கலை மாணவரின் வேலை எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

காலையில் அவர் ஜெல் தயாரிப்பார். ஆல்ஜினேட் 1 விழுக்காடு, 2 விழுக்காடு, 3 விழுக்காடு என்று மூன்று வகை. ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று மாதிரிகள். ஒரே ஒரு மாதிரியில் கிடைத்த எண்ணை யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்து அளவுகள். ஜெல் எவ்வளவு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று முதலில் பார்ப்பார். நீர் குடித்த ஜெல்லை நிறுப்பார். பிறகு அதை முழுதாக உலர்த்தி மீண்டும் நிறுப்பார். நீரோடு 4.2 கிராம், உலர்ந்தபின் 0.2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நீரின் அளவு 4 கிராம். அதை உலர்ந்த எடையால் வகுத்தால் 20. அதாவது அந்த வலை தன் எடையைப் போல் 20 மடங்கு நீரைத் தாங்கியிருக்கிறது. முடிச்சுகள் கூடினால் வலை இறுகும், இந்த எண் குறையும். முடிச்சுகள் குறைந்தால் எண் கூடும், ஆனால் ஜெல் தளர்ந்துபோகும்.

பிறகு ஜெல்லை ஒரு கருவியில் வைத்து மெல்ல அழுத்தி, எவ்வளவு விசைக்கு எவ்வளவு அமுங்குகிறது, எப்போது உடைகிறது என்று குறிப்பார். இதிலிருந்து விறைப்பைக் கணக்கிடலாம். அதன் அலகு பாஸ்கல், அழுத்தத்தை அளக்கும் அதே அலகு. கடைசியாக, அந்த ஜெல் உயிருள்ள செல்களுக்குத் தீங்கு செய்கிறதா என்ற சோதனை. இதில் தேறாத பொருள் எவ்வளவு வலுவாக இருந்தாலும் உடலுக்கு ஆகாது.

நீங்கள் நினைக்கலாம், ‘இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு?’ என்று. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். எஸ்.பி.எம். சோதனையில் விடை ஆசிரியருக்குத் தெரியும். ஆய்வில் விடை யாருக்கும் தெரியாது. பேராசிரியருக்கும் தெரியாது. ஜெல் உடைந்துபோனால் “நான் தவறு செய்தேனா, அல்லது இந்தக் கலவையே இப்படித்தானா?” என்று மாணவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். எலுமிச்சை ஊற்றிய கிண்ணத்தைக் கழுவிவிட்டுப் போகாமல், அதைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும்.

ஏன் மென்மையாக இருக்க வேண்டும்?

வலுவான பசை எத்தனையோ இருக்கும்போது, மென்மையான ஜெல்லுக்கு ஏன் இத்தனை பாடு? நம் உடல் மென்மையானது என்பதே காரணம். எலும்பின் விறைப்பு கோடிக்கணக்கான பாஸ்கல்களைத் தாண்டி ஜிகாபாஸ்கல் அளவில் இருக்கிறது. தசையின் விறைப்போ 10,000 பாஸ்கல் அளவில்தான். மூளைத் திசு அதைவிடவும் மென்மை, ஏறத்தாழ 1,000 பாஸ்கல் அல்லது அதற்கும் குறைவு. துடித்து அசையும் மென்மையான திசுவின் மேல் விறைப்பான பொருளை ஒட்டினால், அசையும்போது விளிம்பில் பிய்ந்துவிடும் அல்லது திசுவை உறுத்திப் புண்ணாக்கும்.

இன்னும் ஆச்சரியமான செய்தி ஒன்று. செல்களுக்குத் தாம் உட்கார்ந்திருக்கும் தரை மென்மையா விறைப்பா என்று தெரியும்! 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே வகையான மனிதக் குருத்தணுக்களை வெவ்வேறு விறைப்புள்ள ஜெல்களின் மேல் வளர்த்தார்கள். மூளை போல் மென்மையான ஜெல்லில் அவை நரம்பணுவைப் போலக் கிளைவிட்டன. தசை போன்ற ஜெல்லில் தசையணுவின் அடையாளங்களைக் காட்டின. அதைவிட விறைப்பானதில் எலும்பணுவின் பக்கம் திரும்பின. தரையின் விறைப்பை மாற்றியதற்கே செல்களின் போக்கு மாறியது. சிறு மாற்றம், பெரிய விளைவு என்பது இங்கேயும் உண்மையாகிறது.

எனவே ஒரு ஜெல்லை ‘எவ்வளவு மென்மையாக’ செய்வது என்பது குத்துமதிப்பாக விடும் விஷயம் அல்ல. முடிச்சுகளைக் கூட்டியும் குறைத்தும் பொறியாளர் திட்டமிட்டு அமைக்க வேண்டிய ஓர் எண் அது.

14 ஆண்டுகள்

மீண்டும் லேண்டோலினாவிடம் வருவோம். யோசனை தோன்றியது 17 வயதில். அடுத்த ஆண்டே எல்லா ஆம்புலன்சிலும் அவருடைய ஜெல் இருந்ததா? இல்லை.

ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் ஜெல் வேறு, மருத்துவர் கையில் கொடுக்கத்தக்க ஜெல் வேறு. ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் ஒரே தரம் வர வேண்டும். கிருமி இருக்கக்கூடாது. பல மாதங்கள் அலமாரியில் இருந்தாலும் கெடக்கூடாது. உடலுக்குத் தீங்கில்லை என்று நிரூபிக்க வேண்டும். முதலில் விலங்கு மருத்துவர்கள் பயன்படுத்துவதற்கு வெட்டிஜெல் என்ற பெயரில் அது வந்தது. 2023ஆம் ஆண்டு, மனிதர்களின் சிறு காயங்களுக்குப் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத் துறை அனுமதி கொடுத்தது. கடுமையான இரத்தப்போக்கைத் தற்காலிகமாக நிறுத்துவதற்கான டிராமாஜெல் என்ற ஜெல்லுக்கு அனுமதி கிடைத்தது 2024 ஆகஸ்டில். 30 மில்லிலிட்டர் ஜெல், ஓர் ஊசிக்குழாயில்.

2010இலிருந்து 2024 வரை 14 ஆண்டுகள். அந்த முதலாண்டு மாணவர் முப்பது வயதைத் தாண்டிவிட்டார்.

இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துவது என் எண்ணம் அல்ல. “17 வயதில் கண்டுபிடித்தார்” என்று மட்டும் படித்தால், அறிவியல் ஏதோ ஒரு நாள் மின்னல் போலத் தோன்றும். மின்னல் கதையைக் கேட்ட மாணவர்கள், தங்களுக்கு அப்படி எதுவும் தோன்றவில்லையே என்று சோர்ந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். 14 ஆண்டுகளையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முழுமையாகும். அவசரமாக விற்கப்பட்ட மருந்து ஓர் உயிரைக் கெடுக்கலாம். அந்தக் காத்திருப்பும் அறிவியலின் ஒரு பகுதிதான்.

இந்தத் துறை நம் கைக்கு எட்டாததும் அல்ல. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பாலிமர் பொறியியல் படிக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் உயிரிமருத்துவப் பொறியியல் இருக்கிறது. சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும் இளங்கலை மாணவர்கள் ஆய்வில் சேர்வதற்கென்றே தனித் திட்டங்கள் உண்டு. படிவம் 4இல் வேதியியலையும் இயற்பியலையும் கைவிடாமல் இருப்பது முதல் படி.

உங்கள் சமையலறையில் ஓர் ஆய்வு

அகார்-அகார் என்பது மலாய்ச் சொல். நம் வட்டாரத்துச் சமையலறைப் பொருள்தான் உலக நுண்ணுயிரியலையே மாற்றியது. 1881இல் ஜெர்மனியில், கிருமிகளை வளர்க்கப் பயன்படுத்திய ஜெலட்டின் வெப்பத்தில் உருகிக்கொண்டே இருந்தது. ஃபேனி ஹெஸ்ஸ என்ற பெண்மணி தம் சமையலில் பயன்படுத்திய அகாரை ஆய்வாளரான தம் கணவருக்குப் பரிந்துரைத்தார். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த அக்கம்பக்கத்தவரிடம் அவர் அதைக் கற்றிருந்தார். இன்றுவரை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் கிருமிகள் அகாரின் மேல்தான் வளர்கின்றன.

அதே அகாரை வைத்து இந்த வார இறுதியில் நீங்களும் ஆய்வு செய்யுங்கள். கொதிநீர் வேலை இருப்பதால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

1. மூன்று பாத்திரங்களில் 250 மில்லிலிட்டர் நீர் எடுங்கள். முதலாவதில் அரைத் தேக்கரண்டி, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் ஒன்றரை என அகார் மாவு போட்டுக் கொதிக்க வைத்துக் கரையுங்கள். சீனி வேண்டாம்.

2. தட்டையான தட்டுகளில் 1 சென்டிமீட்டர் உயரத்திற்கு ஊற்றி ஆறவிடுங்கள். உறைந்ததும் 1 சென்டிமீட்டர் கனசதுரங்களாக வெட்டுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஐந்து துண்டுகள்.

3. ஒரு துண்டின் மேல் இலேசான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வையுங்கள். அது சாயாமல் நண்பர் விரல்களை வளையமாக வைத்துக் காக்கட்டும். டப்பாவைப் பிடிக்கக்கூடாது.

4. டப்பாவுக்குள் சிறிது சிறிதாக நீர் ஊற்றுங்கள். துண்டு உடைந்ததும் நிறுத்தி, எத்தனை மில்லிலிட்டர் என்று குறியுங்கள். 1 மில்லிலிட்டர் நீர் 1 கிராம். டப்பாவின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. ஐந்து துண்டுகளின் சராசரியை எடுத்து, அகாரின் அளவுக்கு எதிராக வரைபடம் போடுங்கள்.

ஆறாம் ஆண்டில் படித்தது நினைவிருக்கிறதா? அகாரின் அளவு தற்சார்பு மாறி, உடைக்கும் எடை சார்பு மாறி, துண்டின் அளவும் நீரின் அளவும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். இப்போது கேள்வி: அகாரை இரண்டு மடங்காக்கினால் வலிமையும் இரண்டு மடங்காகுமா? அல்லது அதைவிடக் கூடுமா? கூடினால், முடிச்சுகளை வைத்து அதற்குக் காரணம் சொல்ல முடியுமா? விடையை இங்கே அச்சிடப் போவதில்லை. உங்கள் வரைபடம் சொல்லட்டும். துண்டு ஒழுங்காக உடையாமல் போனால் அதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்

காயம் அடைக்கும் ஜெல் நம் வீட்டு முதலுதவிப் பெட்டியில் இல்லை. ஆனால் கை இருக்கிறது. யாருக்காவது இரத்தம் வேகமாகப் பாய்ந்தால், சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து உறுதியாக அழுத்துங்கள். மலேசியாவில் 999க்கும் சிங்கப்பூரில் 995க்கும் அழைக்கச் சொல்லுங்கள். நின்றுவிட்டதா என்று துணியை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். உதவி வரும்வரை கையை எடுக்க வேண்டாம்.

ஏன் எடுக்கக்கூடாது என்று இப்போது உங்களுக்கே தெரியும். துணிக்கு அடியில் ஃபைப்ரின் இழைகள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியதெல்லாம் சில நிமிட நேரம்தான்.